மலையைச் சுற்றுகிறோம், மலையைப் பார்க்கிறோமா?

உலகத்தின் வடகோடியில் ஐஸ்லாந்து என்று ஒரு தீவு இருக்கிறது. பெயரிலே பனிக்கட்டி, வயிற்றிலே நெருப்பு. நம்முடைய வடாற்காட்டுச் சீமையில் திருவண்ணாமலை என்று ஒரு ஸ்தலம் இருக்கிறது. பெயரிலும் புராணத்திலும் நெருப்பு. வயிற்றிலோ குளிர்ந்து இறுகிப்போன கல். இரண்டையும் பார்க்க லட்சக்கணக்கில் ஜனங்கள் போகிறார்கள். அங்கே போகிறவர்களைச் சுற்றுலாப் பிரயாணிகள் என்கிறோம். இங்கே வருகிறவர்களை யாத்திரிகர்கள் என்கிறோம். பெயர்தான் வேறு. மலை தாங்க வேண்டிய கால்கள் ஒன்றுதான்.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாரே என்று வாசகர்கள் நினைக்கலாம். இந்த முடிச்சு நாமாகப் போட்டதல்ல. 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் போட்டது. அந்த விஷயத்துக்குப் பிறகு வருவோம். முதலில் அந்தத் தீவைச் சற்றே சுற்றிவிட்டு வரலாம்.

பூமி இன்னும் வேகாத இடம்

ஐஸ்லாந்து பரப்பளவில் தமிழ்நாட்டை விடக் கொஞ்சம் சிறியது. சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகையோ நான்கு லட்சத்தைத் தொடவில்லை. அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் பூமியின் மேலோடு இரண்டாகப் பிளந்து, ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் வீதம் விலகிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிளவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது இந்தத் தீவு. ஆகவே அங்கே பாறை என்பது என்றோ முடிந்துபோன சமாசாரம் அல்ல. இன்றும் அடுப்பில் இருக்கிற பண்டம்.

போய் வந்தவர்கள் சொல்வதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கிறது. கடற்கரை மணல் கரிபோலக் கறுத்திருக்கிறது. தரையிலிருந்து வெந்நீர் பல அடி உயரம் பீச்சியடிக்கிறது. தலைநகரான ரெய்க்யாவிக்கில் குளிருக்கு வீடுகளைச் சூடாக்குவது பூமிக்கடியில் இருந்து வரும் வெந்நீர்தான். 1930 முதல் இந்த ஏற்பாடு நடக்கிறது. திங்வெட்லிர் என்ற இடத்தில், பிளந்து நிற்கும் பாறைச் சுவர்களுக்கு நடுவே, கி.பி. 930ஆம் ஆண்டிலேயே ஜனங்கள் கூடிச் சபை நடத்தியிருக்கிறார்கள். நம் உத்திரமேரூர்க் கல்வெட்டும் அந்த நூற்றாண்டையே சேர்ந்தது என்பதை நினைத்தால், ஏதோ தூரத்து உறவினரைப் பார்ப்பது போலத் தோன்றுகிறது.

நம் இளைஞர்களுக்கும் அந்த ஊர் புதிதல்ல. 2015இல் வந்த ஓர் இந்திப் படத்தின் பாட்டுக் காட்சியை அங்கே எடுத்தார்கள். கதாநாயகனும் கதாநாயகியும் கறுப்பு மணலில் கைகோத்து நடந்ததைக் கண்டு, நாமும் ஒருநாள் போக வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் அநேகர்.

ஆனால் அந்த நாட்டிடம் நாம் கவனிக்க வேண்டியது காட்சியைவிடக் கட்டுப்பாடு. சாலையை விட்டு வண்டியை இறக்கினால் அங்கே அபராதம். எரிமலைக் கல்லின் மேல் படரும் பாசியை மிதித்தால், அது மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும் என்று ஒவ்வொரு பிரயாணியிடமும் சொல்கிறார்கள். ஃபியாத்ரார்கிளியூஃபுர் என்று ஒரு பள்ளத்தாக்கு. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி வழி நடந்துவிடலாம்! 2015இல் ஒரு மேல்நாட்டுப் பாடகர் அங்கே பாட்டுப் படம் எடுத்தார். அதைப் பார்த்துவிட்டுக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போய் மிதித்ததில் பள்ளத்தாக்கு சேறாகிவிட்டது. 2019இல் வாசலை மூடிவிட்டார்கள். நிலம் ஓரளவு தேறிய பிறகுதான் திறந்தார்கள்.

இன்னும் ஒரு சேதி. 1963 நவம்பரில் ஐஸ்லாந்தின் தெற்கே கடலுக்குள் எரிமலை வெடித்து சுர்ட்சே என்று புதிய தீவே பிறந்தது. 1965 முதல் இன்று வரை அங்கே ஆராய்ச்சிக்காரர்களைத் தவிர யாரும் கால் வைக்க அனுமதி கிடையாது. 'பார்க்க வேண்டுமா, தூரத்தில் இருந்து பாருங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். விருந்தாளியைக் கையெடுத்துக் கும்பிட்டு வரவேற்கும் அதே தேசம், 'இங்கே மட்டும் வராதே' என்று சொல்லவும் கூச்சப்படவில்லை.

நெருப்பு என்று பெயர் பெற்ற கல்

இனி நம் மலைக்கு வருவோம். கிருத யுகத்தில் நெருப்பாகவும், திரேதா யுகத்தில் மாணிக்கமாகவும், துவாபர யுகத்தில் பொன்னாகவும், கலியுகத்தில் கல்லாகவும் நிற்கிறது அருணாசலம் என்பது ஸ்தலபுராணம். பஞ்சபூத ஸ்தலங்களில் இது அக்கினி ஸ்தலம். இதை வைத்துக்கொண்டு, 'அண்ணாமலை ஒரு காலத்தில் எரிமலையாக இருந்தது' என்று சிலர் விஞ்ஞானம் போலவே பேசுகிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. தென்னிந்தியாவின் அடித்தளப் பாறைகள் உலகத்திலேயே மிகப் பழையனவற்றைச் சேர்ந்தவை. அவற்றில் பல 250 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. பூமியின் ஆழத்தில் பெருஞ்சூட்டிலும் அழுத்தத்திலும் உருவாகி, மேலே கிடந்த மண்ணெல்லாம் கரைந்து போன பின் வெளியே தெரிகிறவை. ஐஸ்லாந்தின் கல்லை இதன் பக்கத்தில் வைத்தால் அது நேற்றுப் பிறந்த குழந்தை. புராணம் சொல்வது புராணத்தின் உண்மை. பாறை சொல்வது பாறையின் உண்மை. ஒன்றை முட்டுக்கொடுக்க மற்றொன்றை வளைக்க வேண்டியதில்லை.

மலையின் உயரம் 2,668 அடி. சுற்றி வரும் பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டுத் திக்குக்கு எட்டு லிங்கங்கள். கீழே கிருஷ்ணதேவராயர் தொடங்கிச் சேவப்ப நாயக்கர் முடித்த 217 அடி ராஜகோபுரம். கிரிவலம் வருகிறவர் கண்ணைத் திறந்து நடந்தாரானால் ஒரு வேடிக்கையைக் காணலாம். கிழக்கே நின்று பார்க்கும்போது ஒற்றைச் சிகரமாகத் தோன்றும் மலை, நடக்க நடக்க இரண்டாகும், மூன்றாகும், பின்புறம் போனால் வேறு ஏதோ மலையோ என்று திகைக்க வைக்கும். அடியண்ணாமலைப் பக்கம் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். இந்தக் காட்சிக்கு எந்த ஐஸ்லாந்தும் ஈடில்லை என்று நாம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

வந்தவர்கள் கண்டது

இந்த மலையைத் தேடி வந்தவர்களில் மிகப் பெரிய பிரயாணி ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு கடைசியில், மதுரையிலிருந்து வேங்கடராமன் என்ற பதினாறு வயதுச் சிறுவன் ரயிலேறினான். கையில் இருந்த காசு போதவில்லை. வழியில் இறங்கி நடந்து, கீழூரில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்து, மீண்டும் ரயிலேறி, செப்டம்பர் முதல் தேதி காலை அண்ணாமலையார் சந்நிதியில் போய் நின்றான். அதற்குப் பிறகு 1950 ஏப்ரல் 14 வரை அந்த மலையை விட்டு அவர் அகலவே இல்லை. அவர்தான் ரமண மகரிஷி.

அவரைப் பார்க்க வந்தவர்கள் வழியாக மலை உலகத்துக்குத் தெரிய வந்தது. பால் பிரண்டன் என்ற ஆங்கிலப் பத்திரிகைக்காரர் வந்தார். 1934இல் புத்தகம் எழுதினார். 1938இல் சாமர்செட் மாம் வந்தார். நாவலாசிரியர், உலகமெல்லாம் சுற்றியவர். ஆசிரமத்துக்கு வந்த இடத்தில் மயக்கம் போட்டு விழுந்துவிட்டார்! மகரிஷியே எழுந்து அவர் படுத்திருந்த அறைக்குப் போய் அருகில் உட்கார்ந்தார். 1944இல் வந்த மாமின் நாவல் ஒன்றில் இந்த அனுபவத்தின் சாயலைக் காணலாம். 1950இல் மகரிஷி மறைந்தபோது பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியர் பிரெஸ்ஸான் ஊரில் இருந்தார். அன்றிரவு வானத்தில் ஒரு நட்சத்திரம் மெல்ல ஊர்ந்து மலைப் பக்கம் மறைந்ததைத் தாமும் பார்த்ததாகச் சொன்னார்.

இவர்களெல்லாம் மலையிடம் எதைக் கேட்டு வந்தார்கள்? சற்று மௌனம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. மகரிஷியும் பதினேழு ஆண்டுக் காலம் விரூபாட்ச குகையிலும், பிறகு கந்தாசிரமத்திலும் இருந்தார். ஒரு மரத்தை வெட்டியோ, பாறையை உடைத்தோ அவர் இடம் பிடிக்கவில்லை. கிரிவலம் வருகிறவர் நிறைமாதக் கர்ப்பிணி நடப்பது போல நடக்க வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த நடையில் பக்தியும் இருக்கிறது. பாதையின் மேல் பரிவும் இருக்கிறது.

இன்றைய பௌர்ணமி இரவுகளில் அந்த நடை எங்கே? தமிழ்நாட்டு ஜனங்களோடு ஆந்திரா, தெலங்கானாவிலிருந்தும் பெருங்கூட்டம் வருகிறது. 2024 மே மாதம் முதல் சென்னைக் கடற்கரையிலிருந்து நேரே ரயிலும் வருகிறது. நல்லதுதான். ஏழை எளியவர் சொற்பக் காசில் வந்து தரிசனம் செய்துவிட்டுப் போவதை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் மறுநாள் காலையில் அதே பாதையில் நடந்து பாருங்கள். அன்னதானம் தின்ற தட்டுகள், தண்ணீர்ப் புட்டிகள், பாலிதீன் பைகள். கொடுத்தவருக்கும் புண்ணியம், தின்றவருக்கும் திருப்தி. தட்டு மட்டும் அண்ணாமலையாருக்கு!

அந்த டிசம்பர் முதல் தேதி

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. புயல் உள்நாட்டில் நகராமல் நின்று கொட்டியது. டிசம்பர் 1ஆம் தேதி மாலை, அண்ணாமலையின் சரிவில் இருந்த வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் வீடுகளின் மேல் விழுந்தன. ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கார்த்திகைத் தீபம். மலை உச்சியில் ஐந்தரை அடிக் கொப்பரையில் ஆயிரக்கணக்கான கிலோ நெய்யில் எரியும் தீபம். நிபுணர்கள் மண்ணைச் சோதித்துப் பார்த்து, ஜனங்கள் ஏறுவது அபாயம் என்றார்கள். அந்த ஆண்டு பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. கொப்பரையையும் நெய்யையும் கொண்டு போகிறவர்கள் மட்டும் ஏறினார்கள். தீபம் வழக்கம்போல் எரிந்தது. கீழே நின்று பார்த்த லட்சோபலட்சம் பேருக்கும் அது தெரிந்தது. சாமிக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். செங்குத்தான கடினப் பாறை. அதன் மேலே மெல்லிய மண். மண்ணில் ஆங்காங்கே பதிந்து கிடக்கும் உருண்டைக் கற்கள். மழை பெய்தால் தண்ணீர் பாறைக்குள் இறங்க வழியில்லை. மண்ணை ஊறவைத்துக் கனமாக்கி, பாறைக்கும் மண்ணுக்கும் உள்ள பிடிப்பைத் தளர்த்துகிறது. வேர் இருந்தால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வேர் இல்லாத இடத்தில், சரிவின் அடியையும் வெட்டி வீடு கட்டியிருந்தால், மேலே இருக்கும் மண்ணுக்கு ஊன்றுகோலே போய்விடுகிறது. இதற்கு எரிமலை வேண்டியதில்லை. ஒரு புயல் போதும்.

ஐஸ்லாந்துக்காரர்களும் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் அடுப்புக்கும் ஆட்டுக்குமாக பிர்ச் மரக் காடுகளை அழித்தார்கள். மண் காற்றோடும் மழையோடும் போயிற்று. 1907இல் மண்ணைக் காப்பதற்கென்றே ஓர் இலாகாவை ஏற்படுத்தினார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் வேலை முடியவில்லை. நம் அண்ணாமலையும் சில பத்தாண்டுகளுக்கு முன் மொட்டையாகத்தான் நின்றது. உள்ளூர்த் தொண்டர்களும் வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்களும் கன்று நட்டு, தண்ணீர் சுமந்து, கோடையில் காய்ந்த புல் தீப்பற்றாமல் தடுப்புக்கோடு வெட்டி, சில சரிவுகளைப் பச்சையாக்கியிருக்கிறார்கள். 2016இல் கிரிவலப் பாதையை அகலமாக்குவதற்காக மரங்களை வெட்டும் விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. நிழலை வெட்டிவிட்டு யாத்திரிகருக்கு வசதி செய்கிறோம் என்பது, கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதைதான்.

கிரிண்டாவிக் செய்த காரியம்

'சரிவில் குடியிருப்பவர்களை உடனே காலி செய்' என்று சொல்வது சுலபம். சொல்கிறவர்கள் பெரும்பாலும் சமதளத்தில் மாடி வீட்டில் இருப்பவர்கள். சரிவுக்குப் போனவர் யார்? கோயிலைச் சுற்றிப் பூ விற்பவர், மூட்டை தூக்குபவர், ஹோட்டலில் பாத்திரம் தேய்ப்பவர். ஊருக்குள் வாடகை கட்டி மாளாது. ஊரை விட்டுப் போனால் பிழைப்பில்லை. இம்மாதிரி இடங்களில் நம் தேசத்தில் வழக்கமாக நடப்பது எல்லோருக்கும் தெரியும். குடிசை போடும்போது ஒருவரும் கேட்பதில்லை. பிறகு மின்சாரம் வருகிறது. வீட்டு வரி வருகிறது. தேர்தல் வந்தால் வோட்டுக் கேட்டு ஆளும் வருகிறது. பாறை விழுந்த பிறகுதான் அது 'ஆக்கிரமிப்பு' என்று ஞானோதயம் உண்டாகிறது.

ஐஸ்லாந்தில் கிரிண்டாவிக் என்று ஒரு மீன்பிடி ஊர். ஜனத்தொகை நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. 2023 நவம்பர் 10ஆம் தேதி இரவு, ஊருக்கு அடியில் எரிமலைக் குழம்பு நகர்வதாகக் கருவிகள் காட்டின. ஒரே இரவில் ஊர் முழுவதையும் காலி செய்தார்கள். ஜனவரியில் குழம்பு வெளியே வந்து சில வீடுகளை விழுங்கியது. உயிரோடு வெளியேறியவர்கள் பிறகு எப்படி வாழ்வது? 1973இல் ஹெய்மேய் தீவில் எரிமலை வெடித்தபோதும் ஐயாயிரம் பேரை ஓரிரவில் மீன்படகுகளில் ஏற்றிக் காப்பாற்றிய தேசம் அது. ஆனால் இம்முறை ஒரு படி மேலே போனார்கள். 2024 பிப்ரவரியில் சட்டம் இயற்றி, விரும்பிய குடும்பங்களின் வீடுகளை, தீக்காப்பீட்டு மதிப்பில் நூற்றுக்கு 95 பங்கு விலைக்குச் சர்க்காரே வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள்.

'அது பணக்கார நாடு. நாலாயிரம் பேர்தானே' என்று சொல்லலாம். வாஸ்தவம். அவர்கள் கொடுத்த தொகையை நாம் கொடுக்க முடியாது. ஆனால் அவர்கள் கடைப்பிடித்த வரிசையைக் கடைப்பிடிக்க எவ்வளவு பணம் வேண்டும்? முதலில் எச்சரிக்கை, பிறகு வெளியேற்றம், அதைத் தொடர்ந்து வீட்டுக்கு விலை. நம் ஊரிலோ முதலில் புல்டோசர் வருகிறது. மாற்று இடம் வருவதற்குள் பிள்ளைகள் பெரியவர்களாகிவிடுகிறார்கள். அதுவும் ஊருக்கு வெளியே பல மைல் தள்ளி ஓர் அறை! பூக்கூடையோடு விடியற்காலை நாலு மணிக்குக் கோயில் வாசலுக்கு வர வேண்டிய பெண், அங்கிருந்து எப்படி வருவாள்? ஒரு வாரத்தில் சரிவுக்கே திரும்பிவிடுவாள்.

ஆகவே நம் அபிப்பிராயம் இது. மலைச் சரிவில் எது அபாயமான இடம், எது பாதகமில்லாத இடம் என்று நிபுணர்களைக் கொண்டு அளந்து, ஜனங்கள் புரிந்துகொள்ளும் தமிழில் படமாக வரைந்து, கோயில் வாசலிலும் கலெக்டர் ஆபீஸிலும் ஒட்ட வேண்டும். அபாயக் கோட்டுக்கு மேலே இனி ஒரு செங்கல்லும் கூடாது. அது குடிசையானாலும் சரி, பெரிய மனிதரின் விடுதியானாலும் சரி. ஏற்கெனவே இருப்பவர்களுக்கு நகரத்துக்குள்ளேயே, பிழைப்புக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு கட்டிக் கொடுத்து, சாவியைக் கையில் தந்த பிறகே பழைய வீட்டைத் தொட வேண்டும். இடம் இல்லை என்று சொல்லக் கூடாது. யாத்திரிகர் தங்குவதற்கு மாடி மேல் மாடி எழும்பும் ஊரில், யாத்திரிகருக்கு ஊழியம் செய்பவர் தங்க மட்டும் இடம் இல்லாமல் போகுமா?

யாத்திரிகர் செய்ய வேண்டியது

எல்லாவற்றையும் சர்க்கார் தலையில் கட்டிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. மலையேறக் கூடாது என்று சொன்னால், 'நூறு வருஷமாக ஏறுகிறோம். எங்களைத் தடுக்க இவர்கள் யார்?' என்று சண்டைக்குப் போகிறோம். அண்ணாமலை என்ற பெயருக்கே அண்ண முடியாத மலை, நெருங்க முடியாத மலை என்று பொருள் சொல்வார்கள். அடியும் முடியும் காண முடியாமல் பிரமனும் விஷ்ணுவும் திரும்பிய ஸ்தலம் இது. அங்கே உச்சியை மிதித்துத்தான் தீர வேண்டும் என்று அடம் பிடிப்பதில் என்ன பக்தி இருக்கிறது? சுற்றி வருவதுதான் இந்த மலைக்கு ஏற்பட்ட மரியாதை. நினைத்தாலே முக்தி தரும் ஸ்தலம் என்று நம்புகிறவர்கள், தூரத்தில் நின்று கும்பிட்டால் பலன் குறைந்துவிடும் என்று பயப்படுவானேன்?

'கட்டுப்பாடு வைத்தால் கூட்டம் குறையும், வியாபாரம் படுத்துவிடும்' என்று கடைக்காரர்கள் கவலைப்படுவதும் நியாயம்தான். அவர்களுக்குச் சொல்லக்கூடியது ஒன்று. வாசலை மூடவும் அபராதம் போடவும் தயங்காத ஐஸ்லாந்துக்கு ஆண்டுதோறும் இருபது லட்சம் பேருக்கு மேல் போகிறார்கள். அதாவது, ஊர் ஜனத்தைப் போல ஐந்து மடங்கு! கட்டுப்பாட்டைக் கண்டு ஜனங்கள் ஓடுவதில்லை. அழுக்கைக் கண்டும் ஆபத்தைக் கண்டும்தான் ஓடுகிறார்கள்.

அடுத்த பௌர்ணமிக்குப் புறப்படும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலிருந்து ஒரு செம்பும் ஒரு துணிப் பையும் எடுத்துப் போங்கள். கொண்டு போனதைத் திரும்பக் கொண்டு வாருங்கள். அன்னதானம் செய்கிறவர்கள் இலையில் போடுங்கள். போட்ட இலையை அள்ளவும் ஆள் வையுங்கள். வழியில் எங்காவது பத்து நிமிஷம் நின்று மலையைப் பாருங்கள். கீழ்ச்சரிவில் விளக்கு எரியும் வீடுகள் தெரியும். உள்ளே குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை ஆண்டு தவறாமல் வரும். அதற்கு முன்பாக அந்தக் குழந்தைகளுக்குப் பத்திரமான கூரை கிடைத்ததா என்று திருவண்ணாமலைக்காரர்களும், திருவண்ணாமலைக்குப் போய் வருகிற நாமும், விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.